திருவனந்தபுரத்து மியூசியம் பூங்கா

தாய்நாட்டிலிருந்து உறவினர் வந்தால், பத்மநாபசுவாமி தரிசனம் முடிந்தபின் அவர்களை நாம் அழைத்துச் செல்லுமிடம் பெரும்பாலும் மியூசியம் பூங்காவே. சிறுவர்க்குப் புலியும் நீர்யானையும் போதும். முதியோர்க்கு மரநிழலும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் போதும். நடுவே பன்னிறங் கொண்டு நிற்கும் நேப்பியர் காட்சிசாலையை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புவோரே மிகுதி. இப்பூங்காவின் தலைசிறந்த காட்சிப்பொருள் அக்கட்டடமே என்பது நம் துணிபு.

உத்திரம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1855ஆம் ஆண்டில் இங்கே காட்சிசாலைக்கு வித்திடப்பட்டது. ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லன் இதில் ஆர்வங் காட்டினார். வானாய்வுக்கூடத்தின் தலைவரான ஜான் ஆலன் பிரௌன் இதனைக் கவனித்து வந்தார். 1857இல் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. ஆயினும் கல்லையும் சிப்பியையும் காண எத்தனை பேர் வருவர்? மக்களை ஈர்க்கும்பொருட்டு 1859இல் விலங்குக் காட்சிசாலையும் பூங்காவும் சேர்க்கப்பட்டன. அன்று செய்த உபாயம் இன்றளவும் பலிக்கிறது. சிறிது மிகையாகவே பலிக்கிறது எனலாம்.

கட்டடத்தின் அருமையை அறிய, முதலில் தலைமைச் செயலகத்தின் முன் நிற்றல் வேண்டும். ஆயில்யம் திருநாள் காலத்தில், கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவராவின் நிர்வாகத்தில், பார்ட்டன் என்னும் பொறியாளர் எழுப்பிய மாளிகை அது. 1869இல் நிறைவுற்றது. வெண்ணிறத் தூண்கள், மேலைநாட்டு முகப்பு என எல்லாம் ரோமாபுரியை நினைவூட்டும். ‘ஸ்டாச்சு’ என்று நாம் நாள்தோறும் பேருந்தில் சீட்டுக் கேட்கிறோமே, அது அதன் எதிரே நிற்கும் மாதவராவின் சிலையாலே வந்த பெயர்.

அதன்பின் சில ஆண்டுகளிலேயே காற்று திசை மாறியது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இந்நாட்டுப் பொதுக் கட்டடங்கள் இந்நாட்டு மரபைத் தழுவ வேண்டும் என்ற கொள்கையுடையவர். சென்னை அரசின் கட்டடக்கலை அறிஞர் ராபர்ட் சிஷோம் அக்கொள்கையைச் செயலாக்கினார். சென்னைக் கடற்கரையில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தை எழுப்பிய அதே கைகள்தாம், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இக்காட்சிசாலையையும் வரைந்தன. 1874இல் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. 1880இல் புதியது முடிந்தது.

சிஷோம் சென்னையில் கையாண்ட பாணியை இங்கே அப்படியே கொண்டுவந்து இறக்கிவிடவில்லை. மழை மிகுந்த இந்நாட்டுக்கேற்ற செங்குத்தான கூரை, அதன் முனைகளில் மரவேலை செறிந்த முக்கோண முகப்புகள், வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் திறப்புகள் என மலையாள நாட்டுத் தச்சரின் அறிவை மதித்து ஏற்றுக்கொண்டார். குளிர்சாதனம் இன்றியே உள்ளே வெப்பந் தணிந்திருப்பதைச் சித்திரை வெயிலில் சென்று பார்ப்போர் உணர்வர். பத்தாண்டுக்கு முன் அந்நியத் தூண்களைப் பெருமையெனக் கருதிய அதே நகரில், உள்ளூர்த் தச்சன் தன் கூரையைக் காட்சிசாலையின் தலைமேல் கண்டான். இதனை நாம் சிறு செய்தியாகக் கருதவில்லை.

உள்ளே சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், தந்தச் சிற்பங்களும், மரத்தேரும் உள்ளன. தந்த வேலைப்பாட்டின் நுட்பம் வியப்புக்குரியதேயாயினும், நம் கண் திருமேனிகளை விட்டு எளிதில் அகலவில்லை. அருகில் உள்ள ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் 1935இல், அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸின் துணையோடு தோன்றியது. இரவிவர்மாவின் மூல ஓவியங்களையும் தஞ்சாவூர் ஓவியங்களையும் இவ்வளாகத்தில் காணலாம். நாட்காட்டிகளில் மட்டுமே இரவிவர்மாவை அறிந்த நம் இளையோர்க்கு அவ்வண்ணங்களை நேரிற் காட்டுதல் நன்று.

திங்கட்கிழமைகளில் இவை திறந்திரா. வெளியூர் உறவினர் பெரும்பாலும் ஞாயிறன்று வந்து இறங்கித் திங்களன்றே பொழுதுபோக்கு வேண்டுவதால் இதைச் சொல்லி வைக்கிறோம். காட்சிசாலையின் முக்கோண முகப்பை நன்றாக மனத்தில் இருத்திக்கொண்டவர்கள், தக்கலைக்கு அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கும் ஒருமுறை செல்லலாம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது மண் நம் பக்கம் வந்தது. அரண்மனையோ கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்து வருகிறது. அங்கும் அதே கூரைச் சாய்வு, அதே மரமுகப்பு.