நீர் சொன்னதும் சொல்லாததும்: சிறுநீரக நோய்க்குறிகளின் வரலாறு பற்றி

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்குகின்றன. கால் வீங்கியவரைக் கண்டால் தமிழர் ‘நீர் கோத்திருக்கிறது’ என்பர். தெலுங்கர் ‘நீரு பட்டிந்தி’ என்பர். இரண்டும் ஒரே வேர்ச்சொல். சிறுநீரகத்துக்குக் குண்டிக்காய் என்ற பழம்பெயர் தமிழில் உண்டு. ஆயினும் அது பழுதடைவதற்கு ஊர்வழக்கில் தனிப்பெயர் எழவில்லை; கண்ணுக்குப் புலப்பட்ட வீக்கமே பெயர் பெற்றது.

கண்ணுக்குப் புலப்பட்ட மற்றொன்று நுரை. தேரையர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ மரபின் நீர்க்குறி, சிறுநீரை நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்தாகப் பகுத்து நோக்குகிறது. நெய்க்குறியோ அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் இட்டு, அது பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் வளைந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம் என்று கணிக்கிறது. சிறுநீரின் மேற்பரப்பில் தங்கும் குமிழிகள் சிறுநீரக நோயைக் காட்டும் என்னும் கூற்று, இப்போகிரேட்டசின் பெயரில் தொகுக்கப்பட்ட கிரேக்க மணிமொழிகளிலும் உண்டு. இவற்றைக் கொண்டு புரதக் கசிவைச் சித்தர்கள் முன்பே கண்டறிந்துவிட்டனர் என முழங்குவது வரலாறு ஆகாது. கூர்ந்து பார்த்தனர் என்பது வரையே சான்று செல்கிறது; விளக்கம் முக்குற்றக் கொள்கையைச் சார்ந்தது.

வீக்கத்தையும் சிறுநீரையும் உறுப்பையும் ஒரே இழையில் கோத்தவர் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட். நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவத்திச் சுடரில் காட்டினால், முட்டையின் வெண்கரு போல அது உறைந்தது. அவ்வாறு உறைந்தவர்கள் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன. 1827-இல் அவர் இதை வெளியிட்டார். கரண்டியும் சுடரும் எந்தச் சிற்றூரிலும் இருந்தவை. இல்லாதது அந்த இணைப்பு மட்டுமே.

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். மாவட்டம் பிரிந்தபின்னும் மருத்துவ வழி வேலூரை நோக்கியே இருந்தது; அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை நடைபெற்றது. திருப்பதியில் 1993-இல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் அவ்வழியைச் சுருக்கியது. தூரம் குறைந்தது உண்மை. ஆனால் ‘நீர் கோத்தபின்’ புறப்படுபவருக்குத் தூரம் மட்டுமே தடையன்று. பெரும்பாலும் அதற்குள் சிறுநீரகத்தின் ஆற்றலில் கணிசமான பங்கு கழிந்திருக்கும். இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், காரணமற்ற சோர்வு, பசியின்மை, அரிப்பு ஆகியவையும் முதுமையின் கணக்கிலோ வெயிலின் கணக்கிலோ எழுதப்பட்டுவிடுகின்றன.

இதே மாநிலத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில், பழைய குறிகள் முற்றிலும் கைவிட்டன. அங்குப் பரவியுள்ள சிறுநீரக நோயில் வீக்கமும் இல்லை. புரதக் கசிவும் மிகக் குறைவு. பிரைட்டின் கரண்டி அங்கே பொய்த்திருக்கும். காரணம் இன்னும் உறுதிப்படவில்லை. நோயைக் காட்டியது குருதியில் அளந்த கிரியேட்டினின்.

அச்சொல்லின் அடியிலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு ஊன் என்பது பொருள். தசையிலிருந்து பிறப்பதால் அப்பெயர். 1886-இல் மேக்ஸ் யாஃபே கண்ட நிறவினையைக் கொண்டே இன்றும் பல ஆய்வகங்கள் அதை அளக்கின்றன. அதற்கும் குறை உண்டு. வடிகட்டும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி இழந்தபின்னரும் எண் இயல்பாகவே தோன்றக்கூடும். தசை வற்றிய முதியவரிடத்தில் இன்னும் ஏமாற்றும். ஆகவேதான் நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ உள்ளவர்களுக்கு, வயதும் பாலினமும் சேர்த்துக் கணிக்கும் வடிகட்டல் வீதமும், சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதமும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கப்படுகின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் வீதம் 60-க்குக் கீழே நின்றாலோ, விகிதம் 30-ஐத் தொட்டாலோ அது நாட்பட்ட நோய் எனக் கொள்ளப்படும், கால் வீங்காவிட்டாலும்.