6.5 கிலோ ஓம்: திசுவின் இயல்பா, துளையின் அளவா?

வேர்க்குழாயின் நீளத்தை மின்கருவியால் அளக்கும்போது பிழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இரத்தம், ஹைப்போகுளோரைட், உலோகக் கிரீடம், தளர்ந்த பேட்டரி, விரிந்த நுனித்துளை என்று ஒரு பட்டியல்தான் பதிலாக வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை. 1962-இல் சுனாடா வெளியிட்ட கட்டுரையைப் பலர் படித்த விதமே இதற்குக் காரணம் எனத் தோன்றுகிறது. குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய கருவியான ஃபைலின் முனை பல்சூழ் தசைநாரைத் தொடும்போது, அதற்கும் வாய்ச்சவ்வுக்கும் இடையிலான மின்னெதிர்ப்பு ஏறத்தாழ 6.5 கிலோ ஓம். வயதோ பல்லின் வடிவமோ அதை மாற்றாது என்றார் அவர். 1942-இல் சுசுகி நாய்களிடம் கண்ட மாறாத மின்னெதிர்ப்பின் தொடர்ச்சி அது. அந்த எண்ணைத் திசுவின் இயல்பாகக் கொண்டுவிட்டால், எண் பிசகும் ஒவ்வொரு இடமும் தனித்தனி இடையூறாகவே தெரியும்.

ஆனால் இந்த அளவீட்டை விளக்க இயற்பியலே போதும், உயிர்த்திசுவின் தனி இயல்பு எதுவும் வேண்டியதில்லை என்று 1987-இல் ஹுவாங் காட்டினார். அப்படியானால் 6.5 என்பது பெரும்பாலும் குறுகிய துளையின் வடிவம் தந்த எண். சுனாடாவின் எண் மருத்துவமனைகளில் பலித்ததே என்பார்கள். முதிர்ந்த பற்களில் துளை பொதுவாகக் குறுகலாக இருப்பதால் பலித்தது. குழாயிலுள்ள திரவம் கடத்துதிறனை மட்டுமே மாற்றுகிறது. எடுத்துக்காட்டாக, ஊட்டியில் ஜனவரிக் காலைகளில் குளிர் உறைநிலையை நெருங்கும்; சிரிஞ்சிலுள்ள ஹைப்போகுளோரைட்டும் குளிர்ந்திருக்கும். கடத்துதிறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 விழுக்காடு குறையும் என்று கொண்டால், 15 டிகிரி குளிர்ந்த கரைசலில் அது ஏறத்தாழ கால் பங்கு குறையும். ஒற்றை எதிர்ப்பை நம்பிய பழைய கருவியை இது ஏமாற்றியிருக்கலாம். 1994-இல் கோபயாஷியும் சுடாவும் விளக்கிய முறையோ 0.4, 8 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரு அதிர்வெண்களில் மின்மறிப்பை அளந்து அவற்றின் விகிதத்தைப் பார்ப்பது. திரவத்தின் பங்கு வகுத்தலில் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. போதாததற்கு, குழாய்க்குள் போன கரைசல் விரைவில் உடற்சூட்டை அடைந்துவிடும். ஊட்டிக்கு அருகிலுள்ள தொட்டபெட்டா சிகரத்தின் 2,637 மீட்டர் உயரம் அளவைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு நேரம் செலவிட வேண்டாம். இந்த மின்சுற்றில் காற்றழுத்தத்துக்கு வேலையில்லை.

விரிந்த துளை அப்படியல்ல. அங்கே துளைக்குச் சற்று முன் குழாய் குறுகும் இடமான நுனிக்குறுக்கமே இல்லாமல் போவதால், விகிதம் சட்டென்று மாறுவதற்கான இடமும் இல்லை. கருவி குறைவான நீளத்தைக் காட்டும். நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்கு இதுதான் முக்கியம். ஒருநாள் கூலியை இழந்து குன்னூருக்கு வர வேண்டியவர், வலி பொறுக்கும்வரை வருவதில்லை. அதற்குள் நாட்பட்ட சீழ் வேர்நுனியை அரித்துத் துளையை விரித்திருக்கக்கூடும். எக்ஸ்ரே போதுமே என்பது வலுவான மறுப்பில்லை: துளை பல நேரம் வேரின் பக்கவாட்டில் திறக்கிறது, படமோ நுனியைக் காட்டுகிறது. திரையிலுள்ள 0.5 குறியும் அரை மில்லிமீட்டர் அல்ல; குறுக்கத்துக்கும் துளைக்கும் இடையே 1955-இல் குட்லர் தந்த 0.5 முதல் 0.66 மி.மீ. வரையான அளவுகள் சராசரிகள் மட்டுமே. ஆகவே முழுமையான நுனியுள்ள பல்லில் துளைக்குறி வரை சென்று, அரை மில்லிமீட்டர் பின்வாங்குவதே சரி. அரிபட்ட நுனியில் மின்னளவு, எக்ஸ்ரே, உறிஞ்சுதாளில் படும் ஈரம் மூன்றும் ஒத்துவராதவரை நீளத்தை முடிவு செய்யக் கூடாது.