முப்பது ரூபாய் குமாஸ்தா வேலையும் ஒரு கிழிஞ்ச நோட்டும்

ராயபுரம்னு சொன்னா உங்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? காசிமேடு மீன். 1856-ல திறந்த ரயில்வே ஸ்டேஷன். அரசியல் தெரிஞ்சவங்களுக்கு, 1949-ல தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா. கணித மேதை ராமானுஜத்துக்கு எங்க ஏரியாவுல ஒரு மியூசியம் ஆரம்பிச்சாங்கன்னு சொன்னா ராயபுரத்துக்காரங்களே பாதிப்பேர் நம்ப மாட்டாங்க. 1993-ல, சோமு செட்டித் தெருப் பக்கம் ஆரம்பிச்சது அது. அதுக்குப் பின்னாடி இருந்தவர் பி.கே. சீனிவாசன்னு ஒரு கணக்கு வாத்தியார். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில வேலை பார்த்தவர். ராமானுஜத்தோட கடிதங்கள், அவரை நேர்ல பார்த்துப் பழகினவங்களோட நினைவுகள், எல்லாத்தையும் தேடித்தேடிச் சேர்த்து 1968-ல புத்தகமாவே கொண்டு வந்தவர்.

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். அப்புறம் எதுக்கு ராமானுஜம்? நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வேலை போச்சு. பதினெட்டு வருஷம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல குப்பை கொட்டினேன். கஸ்டம்ஸ் ஹவுஸ்ல பில் ஆஃப் என்ட்ரி போடறது, எந்தச் சரக்கு எந்தத் தலைப்புல வரும்னு பார்க்கிறது, ஆபீசர் கேட்கிற கேள்விக்கு ஓடி ஓடிப் பதில் கொண்டு போறது, இதான் வேலை. ஒரு நாள் கூப்பிட்டு, அடுத்த மாசத்துல இருந்து வர வேணாம்னுட்டாங்க. அப்போ எனக்கு நாற்பத்து மூணு வயசு. வீட்ல ரெண்டு பசங்க, அம்மா. எழுபது எண்பது இடத்துக்கு பயோடேட்டா அனுப்பினேன். கிணத்துல கல் போட்ட மாதிரிதான். கல் போட்டாலாவது சத்தம் வரும்.

அந்த நேரத்துல ராத்திரி தூக்கம் வராம படிச்சதுதான் ராமானுஜம் வேலை தேடின கதை. ஹார்டிக்கு லெட்டர் போட்டார், கேம்பிரிட்ஜ் போனார்னு நாம எல்லாரும் ஸ்கூல்ல படிச்சிருக்கோம். அதுக்கு முன்னாடி அந்த மனுஷன் மூணு வருஷம் ஒரு குமாஸ்தா வேலைக்காகப் பட்ட பாடு இருக்கே, அதை யாரும் சரியாச் சொல்றதில்ல. அவருக்கு வேலை கிடைச்ச இடமோ எங்க வீட்ல இருந்து நடக்கிற தூரம். மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட். நம்ம ஹார்பர்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1904-ல கும்பகோணம் அரசுக் கல்லூரியில ஸ்காலர்ஷிப்போட சேர்ந்தார். கணக்கைத் தவிர வேற எதையும் தொடாததால அது போச்சு. 1906-ல மெட்ராஸ் பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையில அங்கேயும் ஃபெயில், அடுத்த வருஷம் தனியா எழுதி மறுபடியும் ஃபெயில். இன்னிக்கு பிளஸ் டூ அரியர் வெச்ச பையன்னு வெச்சுக்கங்க. 1909-ல அம்மா கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க. பையனுக்கு வயசு 21, பொண்ணு ஜானகிக்குப் பத்து. இனிமே வேலை தேடித்தான் ஆகணும்.

நம்மள மாதிரி ஆளு என்ன பண்ணுவோம்? எங்க வேலை காலின்னு பார்த்து மனு போடுவோம். இவர் 1910-ல நேரா திருக்கோவிலூருக்குப் போனார். அங்க டெபுடி கலெக்டரா இருந்தவர் வி. ராமசாமி அய்யர். அவரோட ஆபீஸ்ல வேலை காலியா இருக்குன்னு இவர் போகல. அய்யர் 1907-ல இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பிச்சவர், அதாவது இந்த நோட்டைப் பிரிச்சா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கக் கூடிய ஆளு. போய், தாலுகா ஆபீஸ்ல ஏதாவது ஒரு குமாஸ்தா வேலை போட்டுக் கொடுங்கன்னு கேட்டார். கையில சர்டிபிகேட் எதுவும் இல்ல. நோட்டை நீட்டினார்.

அய்யர் வேலை கொடுக்கல! இதை நான் மூணு தடவை திரும்பப் படிச்சேன். இப்படிப்பட்டவனை ரெவின்யூ டிபார்ட்மென்ட்டோட கடைசிப் படியில உட்கார வெச்சு அமுக்கிடக் கூடாதுன்னு நினைச்சதாப் பின்னாடி அவரே எழுதியிருக்கார். எனக்கு இருந்த நிலைமையில இதைப் படிச்சப்போ கோபம்தான் வந்துச்சு. பசியோட வந்தவனுக்கு முதல்ல சோத்தைப் போடுய்யா! ஆனா சும்மா அனுப்பல. மெட்ராஸ்ல இருந்த தன் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதுல ஒருத்தர் பிரசிடென்சி கல்லூரி சேஷு அய்யர். அந்தத் தொடர்ச்சியிலதான் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் வரைக்கும் போனார்.

கலெக்டருக்கு முதல்ல நம்பிக்கையே வரல. சவரம் பண்ணாத முகம், அவ்வளவா சுத்தமில்லாத துணி, கக்கத்துல கிழிஞ்ச நோட்டு, கண்ணு மட்டும் பளபளன்னு இருந்துச்சுன்னு பிற்பாடு எழுதி வெச்சிருக்கார். பல தடவை பார்த்துப் பேசின பிறகு, உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கார். ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இருக்கிறதுக்கு ஒரு பிடி சோறு இருந்தாப் போதும்னு பதில். மாசம் 25 ரூபாய், ராவ் தன் கைக்காசுல இருந்து கொடுத்தார்.

1911-ல சங்கத்தோட பத்திரிகையில ராமானுஜத்தோட கட்டுரையும் வந்துச்சு. அடுத்தவங்க காசுல உட்கார்ந்து சாப்பிடறது அவருக்குப் பிடிக்கல. 1912 ஜனவரியில அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸ்ல தற்காலிக வேலை, மாசம் 20 ரூபாய். அதுல இருக்கும்போதே, பிப்ரவரி 9-ம் தேதி, போர்ட் டிரஸ்டுக்கு மனு போட்டார். அந்த மனு ரொம்ப சாதாரணமான மனு. மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. வரைக்கும் படிச்சேன், சில சந்தர்ப்பங்களால மேல படிக்க முடியல, கணக்குல உழைச்சுக்கிட்டு இருக்கேன், வேலை கொடுத்தா சரியாச் செய்வேன். அவ்ளோதான். ஃபெயில்ங்கிற வார்த்தையே கிடையாது பாருங்க, பொய்யும் கிடையாது. (பயோடேட்டா எழுதறவங்க கவனிக்கவும்.) கூடவே பிரசிடென்சி கல்லூரி கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதம்.

மார்ச் 1-ம் தேதி வேலையில சேர்ந்தார். மூணாம் வகுப்பு, நாலாவது கிரேடு கணக்குக் குமாஸ்தா, சம்பளம் 30 ரூபாய். அந்தக் கணக்குப் பிரிவுக்குத் தலைமை எஸ். நாராயண அய்யர். இவரும் கணிதக்காரர், அதே கணிதச் சங்கத்துல இருந்தவர். ராத்திரியில ரெண்டு பேரும் சிலேட்டை வெச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவாங்களாம். போர்ட் டிரஸ்ட் சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு இன்ஜினியர். நம்ம ஹார்பரை உருப்படியா மாத்திக் கட்டினவர் அவர்தான். அவருக்கும் இந்தக் குமாஸ்தா மேல ஒரு கண்ணு.

இங்க ஒரு விஷயம். வேலை கிடைச்சதும் ராமானுஜம் நிறுத்தல. லெட்டர் போட்டுக்கிட்டே இருந்தார். கேம்பிரிட்ஜ்ல பேக்கர், ஹாப்சன்னு ரெண்டு பேருக்கு எழுதினார், ஒரு பிரயோஜனமும் இல்ல. 1913 ஜனவரி 16-ம் தேதி ஹார்டிக்கு எழுதினார். எடுத்த எடுப்புல தான் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவுல ஒரு குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம்னு சொல்லிட்டு, பின்னாடியே நூத்துக்கும் மேல தேற்றங்களை வெச்சு அனுப்பினார். வயசு சுமார் 23-ன்னு எழுதியிருக்கார். உண்மையில 25. மேதைக்கே வயசைக் குறைச்சுப் போடணும்னு தோணியிருக்கு, நாற்பத்து மூணு வயசுக்காரன் நான் எம்மாத்திரம்.

ஹார்டி பிப்ரவரி 8-ல பதில் எழுதினார். அது வந்து சேர்றதுக்குள்ளயே இங்க ஸ்பிரிங் சும்மா இல்ல. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் கணிதம் படிச்சவர். அந்த மாசக் கடைசியில அவர் மெட்ராஸ் வந்தப்போ நோட்டை அவர்கிட்டயும் காட்டிட்டாங்க. வாக்கர் உடனே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். டிகிரி இல்லாத ஆளுக்கு மே மாசத்துல இருந்து மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. 1914 மார்ச் 17-ல ‘நெவாசா’ கப்பல் ஏறினார், இதே ஹார்பர்ல இருந்து.

படிச்சு முடிச்சப்போ புல்லரிச்சுது. விடிஞ்சதும் வேற மாதிரி தோணுச்சு. அந்த வரிசையைப் பாருங்க. ராமசாமி அய்யர், சேஷு அய்யர், ராமச்சந்திர ராவ், நாராயண அய்யர். நோட்டு பேசினது உண்மை. அந்த நோட்டை எடுத்துக்கிட்டு டெபுடி கலெக்டர் வீட்டுத் திண்ணை ஏறி உட்கார முடிஞ்சதும் உண்மை. அதே 1912-ல ஹார்பர்ல மூட்டை தூக்கினவன் எந்த வீட்டுத் திண்ணையில ஏற முடியும்?

எங்க தாத்தா அந்த வகையறா. அவர் காலத்துல வேலைன்னா காலையில கேட் முன்னாடி போய் நிக்கிறது. மேஸ்திரி வந்து, நீ வா, நீ வான்னு கை காட்டுவார். காட்டினாத்தான் அன்னிக்கு அடுப்பு எரியும். மேஸ்திரிக்கு வாரா வாரம் கப்பம் கட்டினா கை உன் பக்கம் வரும். இது எங்க ஊர்ல மட்டும் இல்ல. விட்லி கமிஷன்னு சொல்ற தொழிலாளர் ராயல் கமிஷன் 1931 அறிக்கையில, மேஸ்திரிமாருங்க வேலைக்கு லஞ்சம் வாங்கறது நாடு முழுக்க இருக்குன்னு எழுதி, ஆள் எடுக்கிற அதிகாரத்தையே அவங்க கையில இருந்து பிடுங்கணும்னு சொல்லுச்சு.

துறைமுகத்துக்கு 1948-ல தனிச் சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம் டாக் லேபர் போர்டு. தொழிலாளி பேரைப் பதிவு பண்ணி, முறை வெச்சு வேலை, வேலை இல்லாத நாளுக்கும் ஏதோ ஒரு தொகை. எங்கப்பா அப்படிப் பேர் பதிஞ்சவர். அந்த அட்டையை சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருப்பார். யார் கையையும் பார்த்து நிக்காம வேலைக்குப் போன முதல் ஆள் எங்க குடும்பத்துல அவர்தான். அதுக்கு மேதை எவனும் தேவைப்படல, சங்கமும் சட்டமும் தேவைப்பட்டுச்சு. அப்புறம் 1983-ல கன்டெய்னர் முனையம் வந்து, மூட்டை தூக்கற வேலையே கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போச்சு. எனக்கு அந்த அட்டை கிடைக்கல. கிடைச்சது சாந்தோம் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் அட்டை. மூணு வருஷத்துக்கு ஒரு தரம் தவறாம புதுப்பிச்சேன். ஒரு கார்டு கூட வரல.

சரி, நான் என்ன பண்ணினேன்னு சொல்லணும் இல்லையா. என்கிட்டயும் ஒரு நோட்டு இருந்துச்சு, மூணு நோட்டு. பதினெட்டு வருஷமா எந்தச் சரக்குக்கு எந்த ஆபீசர் என்ன கேள்வி கேட்டார், எந்தத் தலைப்புல போட்டது திரும்பி வந்துச்சு, எதைக் காட்டினதும் விட்டாங்க, எல்லாம் கிறுக்கி வெச்சிருந்தேன். யாரும் எழுதச் சொல்லல, மறதி ஜாஸ்திங்கிறதால எழுதினது. பயோடேட்டா அனுப்பறதை நிறுத்திட்டு அதை எடுத்துக்கிட்டுப் போனேன். வேலை காலியா இருக்கிற ஆபீசுக்கு இல்ல. ரிட்டயர் ஆகி தண்டையார்பேட்டையில வீட்ல இருந்த ஒரு பெரியவர்கிட்ட. இந்தத் தொழில்ல நாற்பது வருஷம் இருந்தவர். வேலை கேட்கல, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்னு மட்டும் கேட்டேன். மூணு மணி நேரம் பார்த்தார். ரெண்டு இடத்துல தப்புன்னு திட்டினார். அவர் இன்னொருத்தர்கிட்ட அனுப்பினார், அந்த ஆள் வேற ஒருத்தர்கிட்ட. நாலாவது ஆள்கிட்ட வேலை. பழைய சம்பளத்துல முக்கால்வாசிதான். அங்க இப்போ புதுசா வர்ற பசங்களுக்கு அந்த நோட்டைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்காங்க.

வேலை கிடைச்ச அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட ராமானுஜம் கதையைச் சொன்னேன். கப்பல் ஏறினது, உடம்பு கெட்டுத் திரும்பினது, 1920-ல 32 வயசுல போய்ச் சேர்ந்தது வரைக்கும். அம்மா கேட்டது ஒரே கேள்வி.

“அப்புறம் அந்தப் பொண்ணு இன்னாடா பண்ணுச்சு?”

அந்தப் பொண்ணுக்கு அப்போ இருபத்தோரு வயசு. பல்கலைக்கழகம் மாசம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்துச்சு. பம்பாயில இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சில வருஷம் இருந்தாங்க, அங்க தையலும் எம்ப்ராய்டரியும் கத்துக்கிட்டாங்க. 1930-கள்ல மெட்ராசுக்குத் திரும்பி வந்து, திருவல்லிக்கேணி ஹனுமந்தராயன் கோயில் தெருவுல தனியா வீடு பிடிச்சுத் துணி தைச்சுக் கொடுத்துப் பிழைச்சாங்க. அக்கம்பக்கத்துப் பொண்ணுங்களுக்குத் தையலும் சொல்லிக் கொடுத்தாங்க. எங்க ராயபுரத்துல அவங்க வீட்டுக்காரர் பேர்ல மியூசியம் ஆரம்பிச்சப்போ ஜானகி அம்மாள் உயிரோட இருந்தாங்க. 1994 ஏப்ரல்லதான் இறந்தாங்க.