குப்பைக் கூடை சொல்லும் வரலாறு

கோட்டைகளைக் கொண்டு ஊர் வரலாறு எழுதுவோர் பலர். குப்பைக் கூடையைக் கொண்டு எழுதுவோர் அரியர். புனே நகரின் வரலாற்றில் இவ்விரண்டுக்கும் இடமுண்டு.

வீதித் தொட்டிகளைக் கிளறி, காகிதமும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கி, எடைக்கு விற்று வாழ்ந்த பெண்கள் அந்நகரில் ஆயிரக்கணக்கானோர். பெரும்பாலோர் தலித் வகுப்பினர். ஊரின் சுமையைக் குறைத்த அவர்களையே ஊர் திருடர் என ஐயுற்றது. 1990ஆம் ஆண்டையொட்டி எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தார் சிலர் அவர்களுக்குத் துணை நின்றனர். வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தந்தால் இப்பெண்கள் அழுகலில் கைவிட நேராது என இல்லத்தாரிடம் எடுத்துரைத்தனர். பல்கலைக்கழகம் அடையாள அட்டை வழங்கவே, மூடிய கதவுகள் சில திறந்தன.

1993 மே மாதத்தில் தொழிற்சங்கத் தலைவர் பாபா ஆடாவ் தலைமையில் குப்பை பொறுக்குவோர் மாநாடு கூடிற்று. ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து’ என்னும் சங்கம் பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றால் உழைத்து வாழ்வோரின் மன்றம் என்பது அப்பெயரின் பொருள்.

2000ஆம் ஆண்டில் மத்திய அரசின் விதிகள் வீடுதோறும் குப்பை சேகரிக்கும் பொறுப்பை நகராட்சிகள்மேல் சுமத்தின. வண்டியும் ஒப்பந்தக்காரரும் வந்துவிட்டால் இவர்தம் பிழைப்பு என்னாவது? அவ்வச்சத்துக்கு விடையாக 2007இல் ‘ஸ்வச்’ கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2008இல் மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அவ்வேற்பாட்டின்படி இல்லத்தார் மாதந்தோறும் சிறு கட்டணம் தந்தனர். உலர் குப்பையை விற்ற வருவாயும் உழைத்தவருக்கே சேர்ந்தது. தொட்டியருகே நின்றவள் வீட்டு வாயிலில் உரிமையோடு மணியடித்தாள்.

இங்கே நம் பங்கு யாது? சங்கமும் சட்டமும் எவ்வளவு செய்யினும், சோற்றையும் காகிதத்தையும் ஒரே பையில் கட்டி எறிந்தால் அனைத்தும் வீணாகும். நனைந்த காகிதத்துக்கு விலையில்லை. உடைந்த கண்ணாடி கையைக் கிழிக்கும். வேற்றூரில் வந்து குடியேறிய நாம் அவ்வூருக்குச் செலுத்தும் நன்றிக்கடன் பெரிதாயிருக்க வேண்டுமென்பதில்லை. நம் அடுக்களையில் இரண்டு கூடைகள் இருக்கட்டும். அவற்றைப் பெற்றுச் செல்ல வருபவரை, ‘வாருங்கள் அம்மா’ என்றழைக்கும் பண்பும் உடனிருக்கட்டும்.