வருமான வரியும் சென்னை ஆளுநரும்

குடிகளிடம் இறை பெற்றே அரசு நடைபெறும். எனினும், அவ்விறையை விதிப்போர் யார் என்னும் வினாவும் அதனுடன் எழும். நம் நாட்டில் வருமான வரி பிறந்த வரலாறே இதற்குச் சான்று.

1857இல் எழுந்த புரட்சியை அடக்கிய செலவால் இந்திய அரசின் கருவூலம் பெருங்கடனில் ஆழ்ந்தது. அதனைச் சீர்செய்ய இங்கிலாந்திலிருந்து வந்த நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன், 1860 பிப்ரவரியில் கல்கத்தாவில் தம் வரித்திட்டத்தை முன்வைத்தார். வரி கொள்ளும் உரிமைக்கு மனுநூலையே துணைக்கழைத்தார். ஆண்டு வருவாய் 200 ரூபாய் முதல் 500 ரூபாய்க்குள் உடையோர்க்கு நூற்றுக்கு 2. அதற்கு மேற்பட்டோர்க்கு நூற்றுக்கு 4. ஜூலை 24இல் அது சட்டமாயிற்று. அதனை இயற்றிய அவையில் இந்தியர் ஒருவரேனும் இலர்.

வன்மையான மறுப்பு சென்னையிலிருந்து எழுந்தது. செலவைச் சுருக்குதலே தக்க வழி என்றும், புதுவரி மக்களின் வெறுப்பை வளர்க்கும் என்றும் ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன் வாதிட்டார். அக்கருத்தை நாளிதழ்களிலும் வெளியிட்டமையால் பதவி இழந்தார். வில்சனோ ஆகஸ்டு மாதமே கல்கத்தாவில் நோயுற்று மறைந்தார்.

பின்னர் டிரெவெலியனே நிதி உறுப்பினராக மீண்டு வந்தார். 1865இல் அவ்வரி முடிவுற்றது. வேறு வடிவங்களில் வந்தும் போயும், 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால் வருமான வரி நிலைபெற்றது.

சட்டத்தின் வழியன்றி வரியில்லை என்கிறது நம் அரசியலமைப்பின் 265ஆம் விதி. வில்சனின் வரிக்கும் சட்டம் இருந்தது. குடிகளின் இசைவுதான் இல்லை. இன்று சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுப்பவர் நாமே. வரி கடமையாவது அவ்வுரிமையால் அன்றோ!