நீச்சலுடையின் இணைப்பு: 2008ஆம் ஆண்டுப் பரிசோதனை எண் ஒன்றின் மறுபரிசீலனை

2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் வெளியிட்ட எல்.இசட்.ஆர். ரேசர் உடையும், அதைத் தொடர்ந்து வந்த முழுப் பாலியூரித்தேன் உடைகளும் நீச்சற் சாதனைகளைத் தலைகீழாக்கிய வரலாற்றை எழுதியோர், அநேகமாக ஒரே குரலில், அம்மாறுதலுக்குக் காரணம் துணியே என்று நிர்ணயித்து, துணியைத் துணியோடு சேர்த்த முறையை இரண்டொரு வாக்கியங்களில் கடந்துவிட்டனர். இந்தச் சித்தாந்தத்திற்குப் பிரமாணமாகக் காட்டப்படுவது ஒரே ஓர் எண். அந்த எண் கூறாததைக் கூறியதாகக் கொண்டே சித்தாந்தம் நிலைபெற்றிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த எண், நாசாவின் 2008ஆம் ஆண்டு ‘ஸ்பின்ஆஃப்’ வெளியீட்டில் காணப்படுவது. லாங்லி ஆராய்ச்சி நிலையத்தின் காற்றுச் சுரங்கத்தில் துணி மாதிரிகளைப் பரிசோதித்தபோது, ஊசி நூலால் தைத்த இணைப்பைக் காட்டிலும் மீயொலி அதிர்வினால் பற்றவைத்த இணைப்பில் இழுவை 6 விழுக்காடு குறைந்தது என்பது அதன் சாரம். முந்தைய ஆய்வாளர்களின் வியாக்கியானம் எளிமையானது. காற்றுச் சுரங்கம் அளந்தது மேற்பரப்பு உராய்வை. நீந்துபவன் எதிர்கொள்ளும் தடையில் உடலின் வடிவத்தால் எழும் அழுத்தத் தடையும் அலைத் தடையுமே பெரும்பங்கு. ஆகவே சிறுபங்கான உராய்வில் 6 விழுக்காடு குறைவது அற்பம். ஆகவே இணைப்பு அலங்காரமேயன்றிக் காரணமாகாது. இந்த அனுமானத்தின் முதற்படி சரியானது. கடைசிப் படி சரியானதன்று.

முதலாவதாக, எதிர்த்தரப்பின் கணக்கையே அப்படியே ஏற்று நடந்து பார்க்கலாம். மொத்தத் தடையில் உராய்வின் பங்கு பத்தில் ஒன்று என்று கொள்வோம். 6 விழுக்காட்டுக் குறைவு மொத்தத்தில் 0.6 விழுக்காடாகச் சுருங்கும். செலவிடும் ஆற்றல் மாறாதிருக்க, வேகம் தடையின் கனமூலத்திற்கு எதிர்விகிதமாக மாறுமாதலால், வேகத்தில் கிட்டுவது ஏறத்தாழ 0.2 விழுக்காடு. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை மைக்கேல் பெல்ப்ஸ் 50.58 வினாடியில் முடித்தார். அவருக்கு அடுத்து வந்த மிலோராட் சாவிச்சின் காலம் 50.59. அத்தகைய பந்தயத்தில் 0.2 விழுக்காடு என்பது பத்தில் ஒரு வினாடி, அதாவது தங்கத்திற்கும் வெள்ளிக்கும் இடையிலிருந்த தூரத்தைப்போல் பத்து மடங்கு. மாதிரித் துணியில் கண்ட விகிதம் உடை முழுவதற்கும் அப்படியே பொருந்தும் என்று நான் வற்புறுத்தவில்லை, பொருந்தாமற்போகவே இடமுண்டு. ஆயினும், அற்பம் என்ற சொல்லை இத்துணைத் துணிவாக உபயோகிக்க அந்தக் கணக்கு இடங்கொடுக்கவில்லை என்பது வெளிப்படை.

இரண்டாவதாக, இதுவே முக்கியமாக, அப்பரிசோதனை எதை அளக்க வல்லது என்ற கேள்வி எழுகிறது. காற்றின் இயக்கப் பாகுமை நீரினதைப்போல் ஏறத்தாழ பதினைந்து மடங்காதலால், வினாடிக்கு முப்பது மீட்டரையொட்டிய காற்றோட்டம் வினாடிக்கு இரண்டு மீட்டர் நீரோட்டத்திற்கு ஈடாகும். இந்த ஒப்பீட்டில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தட்டையாக விரித்த மாதிரித் துணிக்கு இறுக்க வேண்டிய உடல் இல்லை. இணைப்பு என்பது மேற்பரப்பில் எழும் ஒரு மேடு என்ற அளவில் மட்டுமே காற்றுச் சுரங்கம் அதை அறியும். இழுவிசையைத் தாங்கி நிற்கும் உறுப்பு என்ற அளவில் அறியாது. ஆகையால், வடிவத் தடையில் இணைப்புக்குப் பங்குண்டா என்ற வினாவிற்கு அந்த எண் உண்டு என்றோ இல்லை என்றோ விடை பகரவில்லை. மௌனத்தை மறுப்பாகப் படித்ததே முன்னோர் செய்த பிழை.

உடையின் அமைப்பை நோக்கினால் அந்தப் பங்கு தெளிவாகும். எல்.இசட்.ஆர். ரேசர், முந்தைய பின்னலாடைகளைப் போலன்றி, நைலானும் எலாஸ்டேனும் கலந்து நெய்த மெல்லிய துணியின்மேல் பாலியூரித்தேன் பட்டைகளைப் பதித்து, உடலை வன்மையாக இறுக்கி, அதன் குறுக்களவையே குறைக்கும் நோக்கத்துடன் இயற்றப்பட்டது. இத்தகைய இறுக்கத்தில் நூல் தையல் இருவகையில் தோற்கும். விசை முழுவதும் ஊசித் துளைகளில் குவிவதால் தையல் இளித்து, துண்டுகள் விலகி, நீர் உட்புகும்; மெல்லிய படலத்திலோ அத்துளை வரிசையே கிழிசலுக்கு வழிகாட்டும். மீயொலி முறையில், வினாடிக்கு இருபதாயிரத்திற்கு மேற்பட்ட அதிர்வுகளால் நைலான் இழைகள் உரசிச் சூடேறி உருகி ஒன்றிவிடுவதால், துளையில்லை, நூலில்லை, விசை இணைப்பின் நீளம் முழுவதும் பரவுகிறது. எனவே பற்றவைத்த இணைப்பின்றி அந்தத் துணி அந்த இறுக்கத்தை உடலுக்கு அளித்திருக்க இயலாது. துணியின் புகழாகப் பேசப்படும் காரியத்தில் இணைப்பு சகக் காரணம்.

இங்கே இரு ஆக்ஷேபங்கள் எழும். 2009 ஜூலையில் ரோம் உலகப் போட்டியில், முழுப் பாலியூரித்தேன் உடையணிந்த பால் பீடர்மன் இருநூறு மீட்டர் தன்னியல்பு நீச்சலில் எல்.இசட்.ஆர். அணிந்த பெல்ப்ஸை 1:42.00 என்ற காலத்தில் வென்றது துணியின் வெற்றியன்றோ என்பது ஒன்று. துணி உயர்ந்தால் பயனும் உயரும் என்பதை யாரும் மறுக்கவில்லை. இணைப்பு வேண்டுவதில்லை என்பதை அவ்வெற்றி காட்டவில்லை. 2010இல் பாலியூரித்தேன் உடைகளை விலக்கிய புதிய விதிகள் வந்ததும், பற்றவைத்த இணைப்பு நீடித்தும், ஐம்பது மீட்டர்க் குளத்தில் 2011 ஜூலை வரை உலக சாதனை எதுவும் முறியவில்லையே என்பது மற்றொன்று. தர்க்க நூலார் கூறும் அந்வயம் (காரணம் உள்ளபோது காரியம் உண்டாதல்), வியதிரேகம் (காரணம் இல்லாதபோது காரியம் இல்லாதிருத்தல்) என்ற இரு முறைகளையும் கருதினால் இது எளிதில் விலகும்: இரு காரணங்கள் சேர்ந்தே ஒரு காரியம் நிகழுமாயின், ஒன்றை நீக்கியபோது காரியம் நின்றது, மற்றது காரணமன்று என்பதற்குச் சான்றாகாது.

அவ்விதிகளே என் வாசிப்பை ஆதரிப்பதாகத் தோன்றுகிறது. சர்வதேச நீச்சற் சம்மேளனம் துணியின் கனத்தை 0.8 மில்லிமீட்டருக்கும் மிதப்பு விசையை 0.5 நியூட்டனுக்கும் வரையறுத்து, நீர் ஊடுருவும் துணியையே கட்டாயமாக்கி, ஜிப்பை அறவே விலக்கியது; இணைப்புகளையோ, அவற்றின் செயலுக்கு வேண்டிய அளவோடு நிறுத்தி, வெளிப்புற வடிவங்களை உண்டாக்கலாகாது என்று கட்டுப்படுத்தியது. இதை இணைப்பின்பால் காட்டிய அலட்சியமாக வாசிப்பது வழக்கம். ஆனால் அலங்காரம் மட்டுமே என்று கருதிய ஒன்றுக்கு வடிவத்தைப் பற்றிய நிபந்தனை விதிப்பானேன்?

இந்த விவாதத்தை முடிக்க வல்ல பரிசோதனை ஒன்று உண்டு. ஒரே துணியில், ஒரே அளவில், தைத்த உடை ஒன்றும் பற்றவைத்த உடை ஒன்றும் செய்து, ஒரே வீரருக்கு அணிவித்து, நீரில் இழுத்து மொத்தத் தடையையும், அணிந்த நிலையில் உடலின் சுற்றளவையும் அளக்க வேண்டும். இரண்டிலும் வேறுபாடு தோன்றவில்லையாயின் முன்னோர் கருத்தே நிற்கட்டும். அதுவரை, 2008ஆம் ஆண்டின் 6 விழுக்காட்டை இணைப்பின் முழு மதிப்பாகக் கொள்ளாமல், மேற்பரப்பு உராய்வில் மட்டும் அது அளித்த லாபமாகவே கொள்ள வேண்டும். அந்தச் சகாப்தத்தின் வரலாற்றிலும் துணிக்கு அளித்த அத்தியாயத்தில் இணைப்புக்கு உரிய பாதியை ஒதுக்க வேண்டும்.