கிளிக்கி: குழந்தை விளையாட்டும் காலகேயர் மொழியும்

எஸ். எஸ். ராஜமௌலியின் இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் உருவாகி, 2015 ஜூலை 10 அன்று வெளிவந்த 'பாகுபலி' முதற்பாகத்தில், மகிழ்மதியின்மீது படையெடுத்து வரும் காலகேயர் பேசுவது கிளிக்கி. அதனை ஆக்கியவர், அப்படத்தின் தமிழ் உரையாடலை எழுதிய மதன் கார்க்கி. ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டு அம்மொழி படத்திற்கென அமைக்கப்பட்டது. திரையில் ஒலிப்பது அதில் சிறு பகுதியே.

இம்மொழியின் தொடக்கம் போர்க்களத்தில் இல்லை. கார்க்கி ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், குழந்தைகளோடு விளையாட்டாகப் பேசுவதற்கு நூறளவிலான சொற்களைப் புனைந்து 'கிளிக்' எனப் பெயரிட்டிருந்தார். அவ்விளையாட்டு மொழியே பின்னர் வன்மையான ஒலிகள் ஏற்றப்பட்டு, அச்சமூட்டும் பகைவரின் மொழியாக விரிந்தது. மகாபாரதத்தில் அசுரராக வரும் காலகேயரின் பெயரைத் தாங்கிய கூட்டத்தார், குழந்தைகளுக்கென எழுந்த சொற்களைப் பேசுகின்றனர் என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண்.

கிளிக்கியில் 'மின்' என்பது தன்மை. 'நிம்' என்பது முன்னிலை. ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று. சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள காரணம் வெளிப்படத் தோன்றாது என்பது தொல்காப்பிய உரியியலின் கருத்து. கிளிக்கியோ எதிர்ப்பொருளை எதிர்வரிசையால் காட்டி, அக்காரணத்தை வெளிப்படையாக்க முயல்கிறது. இத்திருப்பம் தமிழ் மரபின் மாலைமாற்றிலிருந்தும் வேறுபடுவது. ஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தில் உயிர்மெய் ஒரே அலகாக நின்று மீள்கிறது. இங்கே ஒலியன் தனித்தனியே மீள்கிறது. ஆகவே தமிழெழுத்தில் எழுதிப் பார்ப்பவருக்கு இவ்வுறவு எளிதில் புலப்படாது. எனினும் 'நிம்' என்னும் வடிவம் கன்னடத்தின் 'நிம்ம' என்பதை நினைவூட்டுகிறது. இதனைத் தற்செயல் என்றே கொள்ளலாம். திராவிடச் செவிக்கு அது அந்நியமாகப் படவில்லை என்பது மட்டும் உறுதி.

நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளின் நிலை வேறு. தென்னாப்பிரிக்காவின் சோசா, சூலு மொழிகளில் அவை இயல்பான மெய்யொலிகள். தமிழர் இரக்கத்திற்கும் மறுப்பிற்கும் உச்சுக் கொட்டுகின்றனர். ஆயினும் நம் இலக்கணம் அதனை எழுத்தாக எண்ணியதில்லை. அத்தகைய ஒலியைக் கொடியவரின் அடையாளமாக ஆக்கியது திரைப்படத்தின் தேர்வே. மொழியின் அமைப்பில் கொடுமை ஏதுமில்லை. கிளிக்கியை ஆராய்வோர் இவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் வேண்டும். ஓர் இனத்தைக் காட்டுமிராண்டியெனக் காட்ட அதன் ஒலியை முன்னிறுத்தும் வழக்கம் புனைவுக்கு வெளியிலும் உண்டு.

இதனைக் குழூஉக்குறியின் தொடர்ச்சியாகக் கருதுவதும் பொருந்தாது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது நன்னூல் உரைகள் தரும் எடுத்துக்காட்டு. அங்கே சொல் மட்டுமே மாறுகிறது. தொடரமைப்பு தமிழாகவே நிற்கிறது. சிறுவர் ஒவ்வோர் எழுத்தின் முன்னும் 'க' சேர்த்துப் பேசும் மறைமொழியும் அத்தன்மையதே. கிளிக்கி தனக்கென இலக்கணம் வகுத்துக்கொண்டமையால், 'அவதார்' (2009) படத்திற்காகப் பால் பிராமர் அமைத்த நாவி மொழியோடு ஒப்பிடத்தக்கது.

2020 பிப்ரவரி 21 அன்று, உலகத் தாய்மொழி நாளில், எழுத்து வடிவத்தோடும் ஏறத்தாழ 3000 சொற்களோடும் கிளிக்கி பொதுமக்களுக்கு அறிமுகமானது. எவருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒன்றிற்கு அந்நாளைத் தேர்ந்தது விவாதத்திற்குரியது. ஆனால் அவ்வறிமுகத்தில் காலகேயர் பின்னுக்குச் சென்றனர். கற்க எளிய மொழி என்பதே முன்வைக்கப்பட்டது. கிளிக்கி மீண்டும் விளையாட்டின் பக்கமே திரும்பியது.